துண்டுக்குள் மிச்சமிருந்த கை

ஸரூக் முதலாளி கையை உருவிக்கொண்ட பிறகும் துண்டுக்குள் ஒரு கை மிச்சமிருந்தது.

அப்புத்தளைக்குக் கீழே, வீதியோரப் புல்வெளியில், பட்டப்பகலில் ஒரு மாட்டு வியாபாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. நடுவில் செவலைப் பசு. இந்தப் பக்கம் விற்கிற தரகர் நல்லையா, அந்தப் பக்கம் வாங்குகிற ஸரூக், இரண்டு பேர் கைக்கும் மேலே நல்லையாவின் நீலக்கரைத் துண்டு. சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக் கூடாதென்று, துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரம் பேசுவது நல்லையாவின் தகப்பன் காலத்துப் பழக்கம். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலையைப் பேசும். முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினால் வியாபாரம் முடிந்தது. அதற்கு மேல் எவனும் பேச்சு மாறக் கூடாது. பழைய கயிறு விற்றவனுக்கு. வாங்கியவன் தன் புதுக் கயிற்றைக் கட்டித்தான் மாட்டைக் கொண்டுபோக வேண்டும்.

ஸரூக் குலுக்கிவிட்டார். பழைய கயிற்றை அவிழ்த்து நல்லையாவின் தோளில் போட்டுவிட்டு, புதுக் கயிற்றோடு பசுவை வீதிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

துண்டுக்குள் இருந்த கை, அதிகாலையில் தேயிலைச் செடிக்குள் கையை விட்டால் படுகிற குளிரோடும் ஈரத்தோடும், அவசரமே இல்லாமல், நல்லையாவின் இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்தியது.

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். வேறு ஒருவனாக இருந்தால் அலறிக்கொண்டு கையை இழுத்திருப்பான். தரகனுக்கு அது வராது. விரல் வந்தால் விரல் கொடுத்தே வளர்ந்த கை. புத்தி எழுந்து வருவதற்குள் அவர் கை அந்த ஈர விரல்களில் மூன்றைப் பிடித்து அழுத்தி, பதில் விலை சொல்லிவிட்டது.

"என்ன நல்லையா, வியாபாரம் முடிஞ்சும் கை உள்ளுக்கா? யாருக்கு விலை சொல்றீங்க?" என்று ஸரூக் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நல்லையா துண்டை உதறினார். ஒன்றுமில்லை. பசு நின்ற இடத்தில் அவர் மனைவி பெரியாயி, சாப்பாட்டுப் பார்சலோடு நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் மூச்சுக்கு மருந்தாக அந்த வெள்ளைக் குளிசை வந்த பிறகுதான். பல வருஷமாக நெஞ்சில் கூடு கட்டியிருந்த இழுப்பை அது ஒரே வாரத்தில் துரத்திவிட்டது. நல்லையா மேட்டில் ஏறினார், சத்தமாகச் சிரித்தார், இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். கூலியாகப் போனது தூக்கம். பிறகு காதுகள் கூர்மையாகின. தேயிலைத் தோட்டத்து லயத்தின் தகரக் கூரையில் பனி சொட்டுவது யாரோ எண்ணுவதுபோலக் கேட்டது. அடுத்த வீட்டு மண்ணெண்ணெய் மணம் நாக்கில் கசந்தது. பின்பக்கத் தொழுவத்தில் மாடு அசைபோடும் சத்தத்துக்கு நடுவே, மாடு இல்லாத இன்னொன்றும் அசைபோட்டது. காரணமில்லாமல் கோபம் வந்தது. காரணமில்லாமல் அழுகையும் வந்தது. அதை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. தரகன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

பதுளையில் டொக்டர் மயூரியிடம் பெரியாயிதான் இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி, பொறுமையாகக் கேட்டாள்.

"ஐயா, இந்தக் குளிசை சில பேருக்கு மனதைக் குழப்பும். இல்லாததைக் காட்டும். செய்த காரியமே ஞாபகத்தில இராது. உங்களுக்கு ஏதும் அப்படி இருக்கோ?"

"பைத்தியம்னு பேர் வந்தா எவன் டொக்டரம்மா எங்கிட்ட மாடு வாங்குவான்? தூக்கம் மட்டுந்தான் கொஞ்சம் கம்மி."

"பைத்தியம் எண்டு ஆர் சொன்னது? அது மருந்து செய்யிற வேலை. ஆனா சட்டெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ, உயிருக்கு ஆபத்து. குறைச்சுக் குறைச்சுத்தான் நிப்பாட்ட வேணும். அதுவரைக்கும் வீட்டில ஆராவது பக்கத்தில இருக்க வேணும்."

"நான் இருக்கேன் டொக்டரம்மா," என்றாள் பெரியாயி. "எங்க போயிடப் போறேன்."

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது, மருந்துப் பொட்டலத்தோடு சேர்ந்து புதுக் கயிறு ஒன்றும் விழுந்தது. வெள்ளை நைலோன், கடை மணம் மாறாதது. அவர் வாங்குவதற்கு எந்த மாடும் பேசி வைக்கவில்லை. கயிறு வாங்கிய நினைவும் இல்லை. அதை எடுத்துத் தொழுவத்தின் மேல்வளையில் எறிந்தார்.

கை விடவில்லை. வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டால் போதும், உள்ளே வந்துவிடும். பெரியாயி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டுகையில் வந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து அவள் நிமிர்கையில் வந்தது. அவள் தலை துவட்டும்போது வந்து, நான்கு விரலைப் பிடித்தது. விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் எதற்கு விலை? பேரம் என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாடு நிற்க வேண்டும். அதுதானே முறை.

நடுவில் எப்போதும் யார் நின்றது என்று அவருக்குப் புரிந்தபோது கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

பயம் வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அவரிடம் கேட்காமல் அவர் வீட்டில் வியாபாரமா? துண்டை அடுப்பில் போட்டார். கை போர்வைக்குள் வந்தது. குளிசையை அவராகவே பாதியாக்கிப் பார்த்தார். விடிவதற்குள் இழுப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரியாயி முதுகைத் தேய்த்துத் தேய்த்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தாள். குளிசை இல்லாவிட்டால் அவர் இல்லை. குளிசை இருந்தால் அந்தக் கை இருக்கிறது. சரி, இரண்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். முழுக் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். குளிசையைக் குறைக்க டொக்டர் சொல்கிற நாள் வரும்வரை அந்தக் கை என்ன விலை சொன்னாலும் சொல்லட்டும். விற்க மாட்டேன் என்கிறவனை எந்தக் கொம்பன் வந்து வாங்குவான்?

பெரியாயியிடம் சொன்னார். மறைக்கவில்லை.

அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "அப்ப என்னய மாடுன்னு முடிவே கட்டிட்டீங்க."

"விளையாடாத புள்ள."

"விக்கிறதா இருந்தா நல்ல விலைக்கு வித்துடுங்க. பல்லு மட்டும் பாக்க விட்டுறாதீங்க, ரெண்டு விழுந்திருக்கு." அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "நான் எங்கயும் போகலங்க. புது துண்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதுக்குப் பயந்துகிட்டு வெறுந் தோளோட திரிவீங்களா?"

அவள் சொன்னது சரிதான். நல்லையா புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அது மின்வெட்டு வருஷம். பொழுது சாயும்போதே லயம் முழுக்க இருட்டு. அன்று பள்ளத்திலிருந்து ஏறிய பனி தேயிலை மலையை விழுங்கி, கோயில் மரத்தை விழுங்கி, இஸ்தோப்பின் விளிம்புவரை வந்து நின்று, ஈரச் சாணமும் புகையும் கலந்த மணத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தது. பெரியாயி குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். நல்லையா வேண்டுமென்றே துண்டை மடியில் விரித்தார். வேண்டுமென்றே கையை உள்ளே விட்டார்.

"வா," என்றார். "இன்னைக்கு முடிச்சுக்குவோம்."

வந்தது. ஐந்து விரலையும் பிடித்தது. அவர் கையை இறுக்கி முஷ்டியாக்கினார். தரகர் பாஷையில் முஷ்டி என்றால் விற்பனைக்கில்லை. எந்தச் சந்தையிலும் அதற்கு மேல் ஒருவன் நிற்க மாட்டான்.

இது நின்றது.

சுண்டுவிரலின் இடுக்கில் ஈரமாக ஒன்று நுழைந்து, பலாச்சுளை பிரிப்பதுபோலப் பொறுமையாகப் பிரித்தது. விரல் நிமிர்ந்தது. அவர் மடக்கினார். மறுபடி நிமிர்ந்தது. அடுத்த விரல். பல்லைக் கடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவிடவில்லை. அடுத்தது.

"என்னங்க, வேர்க்குது உங்களுக்கு," என்றாள் பெரியாயி.

"நகராத. நீ நகராத."

கட்டைவிரல்.

உள்ளங்கை திறந்தது. முழுக் கையும் அதன் கைக்குள். ஒரு குலுக்கு.

விளக்கு அணைந்தது.

இருட்டு. பனியின் மணம். சொட்டு. சொட்டு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரண்ட் வந்து மஞ்சள் பல்பு எரிந்தபோது நல்லையா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கால் முழுக்கச் சாணமும் ஈரமும். எங்கேயோ போய் வந்த கால். எதிரில் குப்பி விளக்கு கவிழ்ந்து கிடந்தது. பெரியாயி இல்லை.

துண்டுக்குள் அவர் கை எதையோ பிடித்திருந்தது. மெல்ல வெளியே எடுத்தார்.

மஞ்சள் கயிறு. அவர் கட்டிய தாலி. முடிச்சு அறுபடாமல் பக்குவமாக அவிழ்க்கப்பட்டிருந்தது.

பழைய கயிறு விற்றவனுக்கு.

எழுந்தார். பின்பக்கம் நடந்தார். தொழுவத்தில் மாடு சுவரோடு ஒட்டி மூலையில் நின்றது. மாடு நிற்க வேண்டிய இடத்தில் பெரியாயி நின்றாள். கழுத்தில் வெள்ளை நைலோன் கயிறு, கடை மணம் மாறாதது. கண் திறந்திருந்தது. விற்ற மாடு பழைய எஜமானைப் பார்ப்பதுபோல அவரைத் தாண்டிப் பார்த்தது.

"பெரியாயி."

வாய் மட்டும் அசைந்தது. அசைபோட்டது.

கயிற்றின் மறுமுனை வாசலைத் தாண்டி, பனிக்குள் போய், விறைப்பாக நின்றது.

நல்லையா தாலியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். கயிற்றை நடுவில் பிடித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மணிக்கட்டில் சுற்றினார். குதிகாலைச் சாணத்தில் ஊன்றினார்.

"குலுக்கினது நீ," என்று பனியைப் பார்த்துச் சொன்னார். "நான் இல்ல. நான் விக்கல."

இழுத்தார்.

பனிக்குள் ஒரு நொடி அமைதி. பிறகு கயிறு அவர் கையில், விரல் சொல்வதுபோல, பதில் விலை சொன்னது. ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.