இடது பக்கத்துக் குமிழ்

"ஒரு பக்கம் சத்தமே வரலம்மா."

மகள் ஹெட்செட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். அம்மா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பாத்தியாடி? எதையும் காதுல போட்டுக்க மாட்டா உங்கம்மா," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. மேசையில் அவள் நாற்காலி எப்போதும் அம்மாவின் இடது பக்கம்தான். "நானும் வருஷக்கணக்கா பாக்கறேன். கூப்பிட்டா ஒரு பதில் கிடையாது. அவ்வளவு திமிர்."

மகளுக்கு அழுகை முட்டியது. இன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தனியாக விமானம் ஓட்ட வேண்டும். போன வாரமே ஓட்டியிருப்பாள். பயிற்சிப் பள்ளியின் பொது ஹெட்செட் விட்டுவிட்டுக் கேட்டதில், கட்டுப்பாட்டுக் கோபுரம் "நில்" என்றதைத் தவறவிட்டாள். "சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வா, அப்புறம் தனியா போகலாம்," என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரைச்சலைத் தானே அடக்கிவிடும் புது ரகமெல்லாம் அந்த வீட்டுக்கு எட்டாது. அம்மாதான் பழைய சாமான் கடைக்குப் போய் இதை எடுத்து வந்திருந்தாள். பேட்டரி இல்லாத சாதாரண ரகம். ஆனால் காதை மூடும் மெத்தை நல்ல தடிமன், மைக் வைத்த இடத்தில் நிற்கும். மகளின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எது கண்ணாடிக் காம்பை அழுத்தாது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள் அம்மா. அது யாருக்குத் தெரியும்?

மகள் போய் அம்மாவின் தோளைத் தொட்டாள். "கடையில போட்டுப் பாத்தியா இல்லையா? கொஞ்சமாவது கவனம் வேணாமாம்மா?"

"கடைக்காரர் பேசினாரு. நல்லாத்தானே கேட்டுச்சு..."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்தான்."

மகள் பெருமூச்சு விட்டு ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித்தனியாக ஒரு குமிழ். இடது பக்கத்துக் குமிழ் முழுக்கக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. திருகினாள். இரண்டு ஹெட்செட்டை இணைத்துப் பேசிப் பார்க்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றைப் பள்ளி ஹெட்செட்டோடு கொண்டுவந்திருந்தாள்; அதில் செருகிப் பேசிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது.

அட, இவ்வளவுதானா என்று சிரிக்கப் போனவள் நின்றுவிட்டாள். கடையிலும் இப்படித்தானே இருந்திருக்கும்? அப்புறம் ரெண்டு பக்கமும் கேட்டது என்கிறாளே அம்மா?

அதை அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். வலது பக்கத்தைக் குறைத்தாள், இடது பக்கத்தை முழுக்கக் கூட்டினாள். பள்ளி ஹெட்செட்டைத் தான் மாட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துப் பேசினாள்.

வாயை மறைத்த அந்தக் கையையே அம்மா பார்த்தாள். அவள் வேலை பார்க்கும் பாட்டில் நிரப்பும் ஆலையில் அத்தனை சத்தத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். "கேக்குது, கேக்குது. நல்லாருக்கு," என்று சிரித்தாள்.

மகள் அம்மாவின் ஹெட்செட்டைக் கழற்றினாள். "நான் என்னம்மா சொன்னேன்?"

அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

"இடது காது... அடைச்சுப் போயி ரொம்ப நாளாச்சுடி. ஆலையில தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துருவாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"டாக்டர்?"

"காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னாரு. அதுக்குன்னுதான் சேத்து வச்சிருந்தேன்..." என்றவள் பார்வை ஹெட்செட்டுக்குப் போனது. "எனக்கு ஒரு காது போதும். உனக்கு ரெண்டும் வேணும்ல?"

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "உன்னைப் போயி கவனமில்லன்னு சொல்லிட்டேனேம்மா..."

"அழாதடி. கண்ணாடி நனைஞ்சா ஓடுபாதை தெரியாது. கிளம்பு."

அத்தை எழுந்தாள். தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அம்மாவின் வலது பக்கம் போட்டாள்.

"அங்க வெயில் அடிக்கும் அண்ணி."

"அடிக்கட்டும். இத்தனை வருஷம் செவுத்துகிட்ட பேசியிருக்கேன், எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும்." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். செலவு என்னோடது, நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி அண்ணி," என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் அம்மாவும் அத்தையும் பின்வாசலில் நின்றார்கள். பயிற்சி விமானங்கள் அந்த வழியாகத்தான் சுற்றி வரும். எஞ்சின் சத்தம் கேட்டது. அம்மா அண்ணாந்து இங்கும் அங்கும் தேடினாள். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. விமானங்களை இப்படித் தேடித் தேடியே எத்தனையோ முறை கோட்டை விட்டிருக்கிறாள்.

அத்தை இரண்டு கைகளாலும் அம்மாவின் முகத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"இந்தப் பக்கம்மா. அதோ பாரு, நம்ம பொண்ணு."