பதினோராவது துளை

ஹின்டர்ரீட், சுவிட்சர்லாந்து. ஞாயிறு, மதியம் 2.10.

ரெகுலாவின் இலக்குத் தாளில் பதினொரு துளைகள் இருந்தன. சுட அனுமதி பத்துக் குண்டுகளுக்குத்தான்.

சுடும் சங்கத் தலைவர் ஹெர்கர் தொண்டையைச் செருமினார். "கூட ஒண்ணு சுட்டிருக்கே, ரெகுலா. கோப்பை கிடையாது. சங்கத்துலயும் இனி நீ கிடையாது."

"பத்துதான் சுட்டேன்!"

"தாள் பொய் சொல்லுமாம்மா?" என்று மூலையிலிருந்து சிரித்தார் தோல் தொழிலாளி கிஸ்லர். மூன்று வருடமாகக் கோப்பை அவரிடம்தான், இன்று இரண்டாமிடம். காலையிலிருந்து எல்லோருடைய துப்பாக்கி வார்களுக்கும் டொக் டொக்கென்று ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

2.25. ரெகுலா போன் செய்ததும் காவலர் பிஸ்ஸிக் வந்தார்.

"தாள் எங்கே இருந்துச்சு, தலைவரே?"

"இந்த மேசை மேல."

"நீங்க?"

"வெளியே. சாசேஜ் சாப்பிட்டுட்டு..."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"மூணு நடுவரும் கூடவா?"

"சூடா இருந்துச்சு."

"பிரமாதமான காவல்."

நடுவர்கள் ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து எழுதியிருந்தார்கள். பதினோராவதையும்கூட, வெகு அக்கறையாக.

பிஸ்ஸிக் அவர்களுடைய எஃகு முளையை எடுத்தார். குண்டின் பருமனுக்கே கடைந்தது, 5.6 மில்லிமீட்டர். துளைக்குள் செருகினால், குண்டு எந்த வளையத்தைத் தொட்டது என்று காட்டிவிடும். முதல் துளை முளையை இறுக்கிப் பிடித்தது. பத்துத் துளைகளும் அப்படியே. பதினோராவதில் முளை நழுவி மேசையில் விழுந்தது.

"குண்டு தாளை வெட்டாது, கிழிச்சுக்கிட்டுப் போகும். கிழிஞ்ச நார் திரும்ப உள்ளே மடங்கிக்கும். அதனால துளை குண்டைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். இது பெருசு, ஓரமும் சுத்தம். வெட்டி எடுத்துட்டு, குண்டு விட்ட கறை மாதிரி தெரியச் சுத்திக் கரி பூசியிருக்கு. துளை எங்கே இருக்குன்னு அளந்தீங்களே ஐயா, துளையை அளந்தீங்களா?"

நடுவர்கள் தங்கள் அளவுக் குறிப்பை அவசரமாக மடித்து வைத்தார்கள்.

பிஸ்ஸிக் மூலைக்குப் போய், கிஸ்லர் வார்களுக்கு ஓட்டை போட்ட ஆறு மில்லிமீட்டர் குழாய் உளியைக் கம்பியால் குடைந்தார். பழுப்புத் தோல் வட்டங்கள் உதிர்ந்தன. அவற்றின் நடுவே வெள்ளையாய் ஒரு தாள் வட்டம். அதில் இலக்கு வளையத்தின் கோடு ஒரு துணுக்கு. பதினோராவது துளையில் அதை வைத்தார். கோடும் கோடும் சேர்ந்தன.

"முப்பது வருஷத் தொழில், கிஸ்லர். உளி வெட்டினதை வயித்துக்குள்ள வச்சிருக்கும்னு இன்னுமா தெரியலை?"

"சும்மா... வேடிக்கைக்கு..."

"சிரிப்பு வரலையே."

ஹெர்கர் அவசரமாகக் கையை நீட்டினார். "வாழ்த்துகள், ரெகுலா! கோப்பை உனக்குத்தான். சங்கத்துலயும் நீ எப்பவும் போல..."

அவள் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தாளை இப்படிக் குடுங்க, தலைவரே. என் பத்தையும் நானே அளந்துக்கறேன். உங்க கண்ணை நம்பி நான் கோப்பை வாங்க மாட்டேன்."