நாற்பத்தாறு வயதில் வளர்ந்தவள்

திங்கட்கிழமை காலை 8.10.

டொக்டர் இரகுநாதனின் ஆய்வு அறையில் இரும்பு அலுமாரி திறந்து கிடந்தது. பூட்டு உடைபடவில்லை. மேல் தட்டில், ஒரு பதிவேட்டின் அளவுக்கு மட்டும் தூசி இல்லை.

"பொலிசுக்குப் போகேலாது, பிள்ளை" என்றார் டொக்டர். "வெள்ளிக்கிழமை எனக்குப் பாராட்டு விழா. காணாமப் போற கோப்பெல்லாம் நீர்தானே தேடி எடுக்கிறனீர். இதையும் பாரும்."

விஜயலெட்சுமி பதுளையிலிருந்த அந்த இருதய சிகிச்சை நிலையத்தில் ஆறு வருடமாக ஆவண எழுதுநர். காணாமல் போனது என்ன என்பது அவளுக்குத் தெரியும். தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் 214 பெண்களின் இரத்த அழுத்தத்தை ஏழு வருடம் அளந்து எழுதிய மூலப் பதிவேடு. அந்தப் பெண்களுக்கு அரை மாத்திரையே போதும், ஏழு வருடத்தில் ஒருத்தியும் சாகவில்லை என்று அதை வைத்து டொக்டர் ஒரு கட்டுரை எழுதினார். அதை மேற்கோள் காட்டிய ஆய்வுகள் 1,412. அந்த எண்ணைச் சுவர்ப் பலகையில் மாதாமாதம் அவரே அழித்து எழுதுவார். தோட்டத்து மருந்தகங்களில் இன்றைக்கும் அரை மாத்திரைதான்.

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. கட்டுரையை வெளியிட்ட வெளிநாட்டு இதழ் அனுப்பியது. போன புதன்கிழமை வந்திருந்தது. 'எண் 83. வயது 46, உயரம் 147 சென்ரிமீற்றர். அடுத்த வருடம் 153. விளக்கம் தேவை. மூலப் பதிவேட்டை அனுப்பவும்.'

"இராக்கம்மா எண்ட ஒருத்தியால இவ்வளவு கரைச்சல்" என்றார் டொக்டர். "நான் அந்த அலுமாரியைத் திறந்து ஒன்பது வருசம். என்ர திறப்பு மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்கும். ஆரும் எடுக்கலாம்."

விஜயலெட்சுமிக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

இராக்கம்மா அவளுடைய அம்மா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம். அங்கே காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். தாய் போனால் எண் மகளுக்கு வரும். அரை மாத்திரை சாப்பிட்ட அம்மா ஆய்வின் மூன்றாம் வருடம் கொழுந்து மலையிலேயே சாய்ந்தாள். பதினேழு வயதில் மகள் எண்பத்து மூன்று ஆனாள். அடுத்த முறை மருத்துவக் குழு வந்து "எண்பத்து மூணு" என்றதும் போய்க் கையை நீட்டினாள். அதில் பொய்யில்லை. "மாத்திரையை ஒழுங்காப் போடுறீரோ?" என்று கேட்டபோது "ஆமாங்க" என்றாளே, அதுதான் பொய். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பால்மாப் பைக்கற்று. நாலு வருடம், நாலு பைக்கற்று.

பதிவேடு கிடைத்தால் அவள் மானம் போகும். கிடைக்காவிட்டால் அரை மாத்திரை தொடரும்.

9.30. கலாராணி, தாதி. டொக்டரின் திறப்பைத் தவிர அலுமாரிக்கு இருந்த இரண்டாவது சாவி அவளிடம்.

"சாவி எங்க இருந்துச்சு மிஸ்?"

"என் இடுப்புல. நான் மொனராகலையில மகளுக்குப் பேறு பார்த்துட்டு, பத்து நாள் கழிச்சு இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்குறேன். சந்தேகம்னா பேரப்புள்ளைய வந்து விசாரி."

"எண்பத்து மூணு யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"யாரு கண்டா? எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. நாங்க கூப்பிட்டது, எழுதினது, அச்சடிச்சது எல்லாம் நம்பருதான். பேரு பதிவேட்டு முன்பக்கத்துல மட்டும், அதுவும் தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக் குடுத்தது. ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

10.15. கணபதி, வாசல் காவல்.

"சனி ஞாயிறுல யாரும் வந்தாங்களா அண்ணே?"

"குரங்கு வந்துச்சு தங்கச்சி. அதுக்கு இங்கிலீசு தெரியாது, பதிவேடு எதுக்கு? டொக்டர் மட்டும் சனிக்கிழமை வந்தாரு. விழாப் பேச்சு எழுதணும்னு சொன்னாரு."

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கட்டுரையை எடுத்து வரி வரியாகப் பார்த்தாள். பெயர் எங்கும் இல்லை. கடிதத்தை மறுபடி படித்தாள். அதிலும் இல்லை. காலையில் அம்மாவின் பெயர் காதில் விழுந்த வெட்கத்தில், அது யார் வாயிலிருந்து வந்தது என்பதை அவள் கவனிக்கத் தவறியிருந்தாள்.

2.40.

"கண்டுபிடிச்சிட்டேங்க. பதிவேடு உங்ககிட்டத்தான் இருக்கு."

டொக்டர் பேனாவை மூடினார். "என்ன கதை இது?"

"ஒன்பது வருசமா அலுமாரியத் திறக்கலன்னீங்க. காலையில எண்பத்து மூணுன்னு சொல்லல நீங்க. இராக்கம்மான்னு சொன்னீங்க. அந்தப் பேரு பதிவேட்டத் தவிர வேற எங்கயும் இல்லைங்க. கடிதம் வந்த பிறகு நீங்க அதைத் திறந்து பார்த்திருக்கீங்க."

டொக்டர் காலடியிலிருந்த தோல் பையைத் திறந்து பதிவேட்டை மேசையில் வைத்தார். ஓரங்களில் பென்சில் குறிகள்.

"பத்தொன்பது பேர்" என்றார். "பத்தொன்பது பேர் திடீரெண்டு இளசாகியிருக்கினம். பதிவேடு துலைஞ்சு போச்செண்டா மன்னிப்புக் கேக்கலாம். நீரும் தேடிப் பாத்துக் கிடைக்கேல்லை எண்டு எழுதித் தருவீர் எண்டு நினைச்சன்."

"தர மாட்டேங்க. பத்தொன்பது சாவு, டொக்டர். கட்டுரையில ஒண்ணுகூட இல்ல."

"ஆர் ஆருக்குப் பதிலா வந்ததெண்டு எப்பிடி நிறுவப்போறீர்?"

"எண்பத்து மூணுக்கு நான் எழுதித் தாறேன். இராக்கம்மா எங்கம்மா. அந்த ஆறு சென்ரிமீற்றர் நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறு வருசம் இங்கயே இருந்தும் சொல்லேல்லை."

"மாசாமாசம் அந்தப் பலகையப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெக்கமா இருந்துச்சுங்க. பால்மாவுக்காக அம்மாவ உயிரோட வச்சிருந்தேன்னு எப்படிச் சொல்றது?" சிவப்புப் பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்றாம் வருடப் பக்கத்தில், 83க்கு நேரே, 'இறந்தார்' என்று எழுதித் தேதி போட்டாள்.

"நாப்பத்தாறு வயசு எண்டு எழுதியிருக்கேக்க பதினேழு வயசுப் பிள்ளை வந்து நிக்குது" என்றார் டொக்டர் மெல்ல. "அளந்தவன் முகத்தைக்கூடப் பாக்கேல்லையோ?"

அவள் பேனாவை மூடினாள்.

"அளந்தது நீங்கதாங்க."