எப்சிபாவின் பிடி அரிசி

"கொட்டிட்டியளே...!"

பாகலூரிலிருந்து ஓசூர் போகும் டவுன் பஸ். வெளியே மழை. பிரேக் போட்ட வேகத்தில் ஒருவன் மேலே வந்து விழ, எப்சிபாவின் மடியிலிருந்த துணிப்பை கவிழ்ந்து, அரிசியெல்லாம் சேற்றுத் தரையில்.

"மன்னிச்சுக்கங்க... அரிசிதானேங்க?"

"ஆண்டவருக்கு எடுத்து வச்ச அரிசி!"

திருநெல்வேலிப் பக்கத்துப் பழக்கம் அது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்கி, ஞாயிறன்று சர்ச்சில் கொடுப்பார்கள். பிழைக்க வந்த இந்த ஊரில் அவளுக்குக் கம்பெனியில் ஏழு வருடம் நின்றே வேலை. கால் வீங்கியதுதான் மிச்சம். முப்பத்து நான்கு வயதில் கல்யாணப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது விடியும் என்று அவள் நம்பியதெல்லாம் அந்த ஒரு பிடியில்தான். இனி என்ன... ஊருக்கே போய்விடலாம்.

அடுத்த ஞாயிறு அதே பஸ்ஸில் அவன். பெயர் சின்னராஜ், லோடு ஏற்றுகிற ஆள். கையில் அரிசிப் பாக்கெட், கண்ணில் கெஞ்சல்.

"கடையில வாங்குனது காணிக்கை ஆவாது. நம்ம வயித்துக்குள்ளதுல ஒரு பிடி எடுக்கணும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு மூன்று ஞாயிறு அவனைக் காணோம். 'வாங்கியிருந்தா கொறஞ்சா போயிருப்பே?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலாவது வாரம் வந்தான். நீட்டிய பையில் பழுப்பு மாவு!

"ராகிங்க. எங்க வூட்ல தெனமும் களிதான். அதுல தெனம் ஒரு பிடி எடுத்து வச்சு, பை நெறையட்டும்னு இருந்தேன்... உங்க சாமி சாப்புடுவாரா?"

எத்தனை மாதமாயிற்று அவள் வாய்விட்டுச் சிரித்து! கண் மட்டும் ஏனோ நிறைந்தது.

"அம்மா கேட்டாங்க, எந்த சாமிக்குடான்னு. அந்தப் பொண்ணோட சாமிக்குன்னேன்."

"ஏசுனாவளா?"

"நாலு நாளு பேசவே இல்ல. நேத்து பாத்தா, அவங்களே ஒரு பிடி போடறாங்க!"

சர்ச் ஸ்டாப் வந்தது. அவள் எழவில்லை.

"செவ்வாக்கெழமை ஊருக்குப் போறேன்... மொத்தமா."

அவன் முகம் செத்துப்போனது. "போவாதீங்க. எனக்கு உங்கள புடிச்சிருக்குங்க..."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் அடிக்க மறந்தார்.

எப்சிபா மாவுப் பையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

"மூணு வாரமா ஜெபத்துல உங்க பேரத்தான் சொல்லுதேன்... எப்படிப் போவேன்?"