தொட மாட்டேன் என்ற அண்ணி

"ஏண்டி, தோலை உரிச்சுட்டுத்தான் வெளியே வருவியா? வண்டி வந்துடும்டி."

மாமியார் குளியலறைக் கதவைத் தட்டினாள். மகள் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்கு வருகிறாள். கிழவிக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகளுக்கோ விடிந்ததிலிருந்து இது மூன்றாவது குளியல். தெருவே அவளுக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்திருந்தது.

வண்டி வந்தது. நாத்தனார் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகத் துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினாள்.

"அண்ணி, முதல்ல நீங்கதான் வாங்கணும்."

ஈரக் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு மருமகள் பின்வாங்கினாள். "வேண்டாம்மா... அத்தைகிட்ட குடு."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவளின் முகம் சுருங்கிப்போனது.

"எத்தனை வருஷமாப் பார்க்கிறேன்... எங்ககூட உட்கார்ந்து சாப்பிட மாட்டீங்க. ஒரு போட்டோவுக்கு நிக்க மாட்டீங்க. சரி, நாங்கதான் உங்களுக்கு ஆகலை. இந்தப் பச்சை மண்ணு என்ன பண்ணுச்சு? இதைத் தொடக்கூட அருவருப்பா?"

"அருவருப்புதான்." மருமகளின் குரல் உடைந்தது. "ஆனா உங்க மேல இல்ல கண்ணு... என் மேல."



நாத்தனாரை நர்ஸுக்குப் படிக்க வைக்கத்தான் அவள் மீன் கம்பெனி வேலைக்குப் போனாள். செதிலும் ஐஸ் தண்ணீருமாக ஒருநாள் படியேறும்போது, மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, என்ன நாத்தம், இதோட ஒரு வீட்ல எப்படி இருக்கிறது" என்றது காதில் விழுந்தது. அந்தச் சொல் உள்ளே இறங்கியதுதான். வேலையை விட்ட பிறகும் அது அவளை விடவில்லை. எவராவது மூக்கைச் சொறிந்தால் தன்னால்தான் என்று தோன்றும். புருஷன் பக்கத்தில் படுத்தால் சுவரோரம் ஒண்டிக்கொள்வாள். கண்ணாடியைப் பார்த்தால் குமட்டும். இந்த உடம்போடு எதற்கு இருக்க வேண்டும் என்றுகூடச் சில நாள் நினைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். "குழந்தைக்கும் என் வாடை ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, அது உன்னைச் சொன்னதா? இவன் சாக்ஸைச் சொன்னேன்டி!"

எல்லாரும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார்கள். பஸ் ஓட்டுகிற அந்த மனிதன் நாற்காலிக்கு அடியில் கால்களை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"அப்ப மழைக்காலம்" என்றான்.

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்படியே அழுகையானது.

"மீன் வாடை வந்துதா இல்லையா அத்தை? மறைக்காம சொல்லுங்க."

"வந்துது. இல்லைன்னா சொல்றேன்? அந்த வாடை வந்தாத்தான் இவ புஸ்தகத்தைப் போட்டுட்டு, அண்ணி வந்தாச்சுன்னு வாசலுக்கு ஓடுவா."

"இப்பத் தெரிஞ்சும் மனசு கேக்கலையே அத்தை... இன்னும் நாறுதுன்னே தோணுது."

நாத்தனார் குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அண்ணியின் கைகளை வெளியே இழுத்துப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"நர்ஸுன்னு பேரு எனக்கு... இதைப் பார்க்காம உங்களைத் திமிர் பிடிச்சவங்கன்னு நினைச்சுட்டேனே. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம் அண்ணி. கைக்கு மட்டும் இல்ல, மனசுக்கும்."

மனநல டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் மாமியார்தான் துணைக்குப் போனாள். மருமகளைவிட அவளே அதிகம் பேசினாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் தேறுவாள்; அடுத்த வாரம் மறுபடி குழாயடியே கதி. ஆனாலும் மெல்ல மெல்ல எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கைக்காயங்களும் ஆறின.

ஒரு மதியம் நாத்தனார் அசந்து தூங்கிப்போனாள். பதறி எழுந்தபோது தொட்டிலில் குழந்தை இல்லை. கூடத்துக்கு ஓடினாள். அண்ணி உலாத்திக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்து, வாய் திறந்து, குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

"அழுதுது... யோசிக்காமத் தூக்கிட்டேன்" என்றாள் அண்ணி, தானே நம்பாதவள் போல.

நாத்தனார் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுங்கண்ணி, கை வலிக்கும்" என்றாள்.

"மெதுவாப் பேசு" என்று அதட்டினாள் அண்ணி. "முழிச்சுக்கப் போறா. போய்த் தூங்கு, அப்புறம் தரேன்."