தைவோவின் முகத்தைத் தொடலாம்

செவ்வாய்க்கிழமை காலை மகளுக்குத் தலை பின்னும்போதுதான் மொரெனிகே அதைக் கவனித்தாள். கெஹிந்தேயின் இடது புருவத்தைக் காணோம். காயமில்லை, சிவப்பில்லை. நெற்றித் தோல் வழவழவென்று இறங்கி இமையில் முடிந்தது.

"யாருடி இதைச் சிரைச்சது?"

"யாரும் சிரைக்கலம்மா. நேத்து கணக்கு கிளாஸ்ல யாரோ மூஞ்சியத் தடவிக்கிட்டே இருந்தாங்க. திரும்பிப் பார்த்தா ஆளக் காணோம்."

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கதைக்கா பஞ்சம் என்று மைப்பென்சிலால் ஒரு புருவம் வரைந்து பள்ளிக்கு அனுப்பினாள். புதன்கிழமை மூக்கு சப்பையாகியிருந்தது. காய்ச்சலில் முகம் வீங்கி அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கெஹிந்தேயோடு பிறந்த தைவோ நாற்பதாம் நாள் போய்விட்டாள். அவர்கள் இன வழக்கப்படி, இறந்த இரட்டைக்காக மரத்தில் ஓர் உருவம் செதுக்கி வீட்டில் வைத்தார்கள். இருக்கிற பிள்ளைக்கு எது நடந்தாலும் மரப்பிள்ளைக்கும் அது நடக்க வேண்டும்: குளியல், அவித்த பயறு, புதுத்துணி. பெற்றவளைத் தவிர வேறு கை அதன் முகத்தில் படக்கூடாது. மொரெனிகே ஆறு வருடம் ஒழுங்காகத்தான் செய்தாள்.

பிறகு இபாதான் கலைக்கூடத்தில் அவள் படைப்பைக் காட்சிக்கு வைக்க ஓர் அறை கிடைத்தது. இரட்டையர் தெய்வக் கதையை வைத்து, பொம்மையின் முகத்தைத் தொட்டால் விளக்கு பிரகாசமாகி, சுவருக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரிக்கும்படி அவளே மின்கம்பி இழுத்தாள். சந்தையில் வாங்கிய பொம்மைகள் எதிலும் உயிரில்லை. வீட்டிலிருந்த மரத் தைவோவைத் தூக்கிப் போனாள். கணவன் ஜிமோ வேண்டாமென்றபோது, "பேங்க்ல வேலை பாக்கிற மனுஷன் பேசற பேச்சா இது?" என்று கேலி செய்தாள். திங்கட்கிழமை அறை திறந்தபோது வாசலில் 'தொடலாம்' என்று எழுதி மாட்டியதும் அவள்தான்.

வியாழன் மதியம் அவள் கலைக்கூடத்துப் பின்கட்டுப் பட்டறையில் இருந்தபோது ஜிமோ வீட்டிலிருந்து போன் செய்தான்.

"மூக்கே இல்ல மொரெனிகே. வாயால மூச்சு விடறா. யாரோ தடவறாங்க, நிறுத்தச் சொல்லுன்னு அழறா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை அணைக்காமலே ஓடினாள். கலைக்கூடத்து நடைவழி முழுக்கப் பள்ளிச் சீருடைகளின் வியர்வையும் எண்ணெய்ப் பலகார வாசனையும் அடைத்துக்கிடக்க, ஜெனரேட்டர் உறுமலுக்கு மேலே, அவள் பதிவுசெய்த அந்தச் சிரிப்பு இடைவெளியே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சுபோமி பல்லெல்லாம் தெரிய நின்றாள். "அக்கா, உங்க ரூமுக்குத்தான் அடிதடி. மூணு ஸ்கூல் பஸ். காலைலருந்து நானூறு கை பட்டிருக்கு."

"நிறுத்து. எல்லாரையும் வெளிய அனுப்பு."

பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பொம்மையைப் பிடுங்கினாள். புருவம் இல்லை. மூக்கு இல்லை. கண்கள் இருந்த இடம் சமமாகத் தேய்ந்திருந்தது. உதட்டுக்கு ஒரு கீறல் மட்டும். அதைக் கடைசியாக ஒரு சின்ன விரல் எட்டித் தடவியது.

கீறலும் போயிற்று.

போனில் ஜிமோ அலறினான். "வாய் மூடிக்கிச்சு. திறக்க வாயே இல்ல. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது."

கம்பி சீவும் கத்தி கருவிப்பெட்டியில் இருந்தது. எடுத்தாள்.

"அவள இறுக்கிப் பிடிச்சுக்கோங்க."

வாய் இருந்த இடம். அழுத்தினாள். இழுத்தாள். ஆறு வருடம் காய்ந்த மரம் இளங்கிழங்கு போல வெட்டுப்பட்டது.

போனில் கெஹிந்தே வீறிட்டாள்.

வீறிட வாய் வேண்டும். மொரெனிகேவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ரத்தம் கொட்டுது. என்ன பண்ற நீ?"

"மூச்சு விடறாளா?"

"விடறா. போதும், மொரெனிகே. போதும்."

பிறகு மகளின் குரல். ஈரமாக, குழறலாக.

"அம்மா, ஒரே இருட்டா இருக்கு. கண்ணத் திறக்க முடியல."

மொரெனிகே பொம்மையின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். கத்தி முனையைத் துணியில் துடைத்துவிட்டு, கண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேடி, அங்கே வைத்தாள்.