ராஜா கூப்பிடுகிறான்!

போன் அலறியது.

திரையில் ஒரே ஒரு சொல். 'ராஜா.'

பார்த்த மாத்திரத்தில் இளவரசனின் வயிறு பற்றி எரிந்தது!

லீலாவதி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே... சிரிப்பு!

அவனிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று?

இளவரசனுக்குப் பெரம்பலூரில் செல்போன் ரிப்பேர் கடை. ஊரார் போனையெல்லாம் பிரித்து மேய்கிறவன். கொஞ்ச நாளாகப் பெண்டாட்டி போன் மட்டும் லாக்!

கதவு திறந்தது.

"யாருடி அந்த ராஜா?"

"ஆரம்பிச்சுட்டீங்களா? ஆபீஸ் விஷயம்ங்க."

"ஆபீஸ் விஷயத்துக்கு எதுக்கு இந்த இளிப்பு?"

"ஏங்க, ராஜா வேலை பாக்குற நாட்டுல அரசாங்கத்தோட மதத்தைத் தவிர வேற சாமியக் கும்பிட்டா ஜெயிலு. அங்க வேலைக்குப் போன நம்ம அரும்பாவூர் சாமிதுரை, ரூமுல முருகன் படம் வெச்சு சூடம் ஏத்தினாரு. போன மாசம் தூக்கிட்டுப் போயிட்டாங்க! இப்படி மாட்டிக்கிட்டவங்க சொல்றதைப் பதிவு பண்ணி உலகத்துக்குச் சொல்றதுதான் எங்க ஆபீஸ் வேலை. ஒரு நம்பர் வெளிய போனா, ஒரு உசுரு போயிடும்!"

எந்த நாடு என்கிறீர்களா? வேண்டாம் சாமி... நாளைக்கு நாமும் விமானம் ஏற வேண்டியிருக்கும்!

"நல்லா விடுற கதை."

லீலாவதி பெருமூச்சு விட்டாள். "குளிச்சுட்டு வரேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். லாக் போடாமல்!

இளவரசன் யோசிக்கவில்லை. பொறாமைக்கு ஏது யோசனை? ராஜாவின் நம்பரைச் சுட்டுக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் தாவி ஏறினான். சிமென்ட் லாரிகள் கிளப்பிய புழுதியைவிட அவன் மனசுக்குள் புழுதி அதிகம்.

அரியலூர். ஒரு லாட்ஜ் அறை.

"வாங்க தம்பி!" என்றார் குழந்தைவேல்.

துப்பறியும் நிபுணராம். போன மாதம் கடைக்கு வந்து, "ஒங்க சம்சாரம் பேசுற நம்பரைக் கொடுங்க, ஆளு யாருன்னு சொல்றேன். பைசா வேணாம்" என்ற தர்மப்பிரபு!

"சார், போன மாசம் கொடுத்த நம்பர் ஆளு இப்பப் பேசறதே இல்ல."

"இனிமேயும் பேச மாட்டான்."

குழந்தைவேல் புது நம்பரை வாங்கிக்கொண்டு, அந்த நாட்டில் யாரையோ அழைத்தார்.

"இன்னொரு முருகன் பக்தன் கெடைச்சுட்டான். பேரு ராஜா. சாமிதுரைய மாதிரியே இவனையும் தூக்கிடுங்க!"

இளவரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் கொடுத்த நம்பர்... சாமிதுரையா?

"சார்! பொறாமையில கொடுத்துட்டேன் சார்! அவன் யாரா வேணாலும் இருந்துட்டுப் போகட்டும், உசுரு போக வேணாம்!"

போனைப் பிடுங்கப் பாய்ந்தான். குழந்தைவேல் விட்ட அறையில் கட்டிலில் போய் விழுந்தான்.

"பக்தன் ரூமுல இருக்கானான்னு பாத்துடுவோம்!"

குழந்தைவேல் ராஜாவின் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது.

கதவுக்கு வெளியே!

கடல் தாண்டி அடிக்க வேண்டிய மணி... அரியலூர் லாட்ஜ் வராந்தாவில்!

கதவு தெறித்துத் திறந்தது. இன்ஸ்பெக்டர் அறிவரசன். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் அலறும் போன்.

"ராஜாதான் பேசறேன்... சொல்லுங்க குழந்தைவேல்!"

அவருக்குப் பின்னால்... தலை ஈரம்கூடக் காயாமல் லீலாவதி!

"லீலா... நீ?"

"ராஜான்னு யாருமே இல்லீங்க. அந்த நாட்டு சிம் ஒண்ணு வாங்கி சார் போன்ல போட்டோம். என் போனைத் தொடுறது வூட்டுல நீங்க ஒருத்தர்தான். சாமிதுரை நம்பரை யாருக்குக் கொடுத்தீங்கன்னு தெரியணும். அதான் போனைத் தொறந்து போட்டுட்டுக் குளிக்கப் போனேன். நீங்க பஸ் ஏறினதும் பின்னாலயே ஜீப்புல வந்தோம்."

"நான்... எடுக்காம இருந்திருந்தா?"

"சூரியன் உதிக்காமப் போனாலும் போகும். ஒங்க சந்தேகம் தப்பாதுங்க!"

இன்ஸ்பெக்டர் குழந்தைவேலின் கையில் விலங்கைப் பூட்டினார். "சாமிதுரை எங்கடா?"

"உ... உசுரோடதான் இருக்கான் சார். ஜெயில்ல. எந்த ஜெயிலுன்னு சொல்லிடறேன்!"

இளவரசன் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். வெட்கமாக இருந்தது. சாமிதுரையின் பெண்டாட்டி பூங்காவனத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அவரை வெளிய கொண்டு வர்ற வரைக்கும் நீங்க எங்கூட நிக்கணும். சாட்சி சொல்லணும்" என்றாள் லீலாவதி.

"சொல்றேன் லீலா. இனிமே சந்தேகமே பட மாட்டேன். சத்தியம்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் இன்ஸ்பெக்டரைச் சரியாகப் பார்த்தான். நல்ல உயரம். முறுக்கு மீசை.

"லீலா..."

"என்ன?"

"அப்ப... காலையில கதவைச் சாத்திக்கிட்டு சிரிச்சியே... அது இவருகிட்டயா?"

லீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார்... விலங்கு இன்னொண்ணு இருக்குங்களா?"